கருமணலும் டைட்டானியப் பொடியும்

எங்கள் தெருவில் காலை நடைக்கு வரும் அண்ணாச்சி ஒருவரின் பேத்தி உலோகப் பொறியியல் முடித்திருக்கிறாள். வெளிநாட்டில் பிஎச்.டி. செய்ய இடம் தேடிக்கொண்டிருக்கிறாளாம். தலைப்பு டைட்டானியம் தூள் உலோகவியல். "என்ன சார், வெறும் பொடியில நாலு வருஷம் படிக்கதுக்கு என்ன இருக்கு?" என்று அண்ணாச்சி கேட்டார். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் தனி உரிமையும் உண்டு.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகக் கிடக்கும் மணலைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க முடியாது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அந்தக் காலத்து கேஸ் விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் வேண்டும். மோனசைட்டில் தோரியம் உண்டு. உடனே ஆள் இங்கேயே வந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை போட்டுவிட்டார். மோனசைட்டை எடுத்த பிறகு மிஞ்சிய கறுப்பு மணலை அப்போது யாரும் மதிக்கவில்லை. அதுதான் இல்மனைட். அதில் பாதிக்கும் சற்று மேல் டைட்டானியம் டையாக்சைடு, மீதி பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு.

வெள்ளை பெயின்டுக்கு டைட்டானியம் டையாக்சைடுதான் சிறந்தது என்று தெரிந்ததும் இல்மனைட்டுக்கு மவுசு வந்தது. 1930-களில் உலகச் சந்தைக்குப் போன இல்மனைட்டில் பெரும்பகுதி இந்தத் திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து போனதுதான். இன்றைக்கும் உலகில் தோண்டப்படும் டைட்டானியக் கனிமத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளை நிறமியாகவே போகிறது. சுவரில், காகிதத்தில், பற்பசையில் இருக்கிறது. உலோகமாக மாறுவது மிகச் சிறிய பங்குதான். (மணல் எடுப்பதைப் பற்றி கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இருக்கும் பயமும் கோபமும் தனிக் கதை. அதை இந்தக் கட்டுரையில் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போவது அவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.)

பூமியின் மேலோட்டில் அதிகமாக உள்ள தனிமங்களின் வரிசையில் டைட்டானியம் ஒன்பதாவது இடம். உலோகங்களில் அலுமினியம், இரும்பு, மக்னீசியம் போன்ற சில மட்டுமே அதைவிட அதிகம். செம்பு, நாகம், ஈயம் எல்லாம் அதற்கு வெகு தூரம் பின்னால். ஆனாலும் செம்பில் குடம் செய்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிறது. டைட்டானியத்தில் இன்றைக்கும் ஒரு சட்டி வாங்க யோசிக்க வேண்டியிருக்கிறது. காரணம் ஒன்றே ஒன்று, ஆக்சிஜன். டைட்டானியம் ஆக்சிஜனைப் பிடித்தால் விடாது. இந்த உலோகத்தின் சரித்திரம் முழுவதும் அந்தப் பிடியை விடுவிக்க மனிதர்கள் பட்ட பாடுதான். அண்ணாச்சியின் பேத்தி படிக்கப்போவதும் அதைத்தான்.

1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரகோர் என்ற பாதிரியார், ஓடைக் கரையில் கிடந்த கறுப்பு மணலை ஆராய்ந்து, அதில் புதிய உலோகம் ஒன்று இருக்கிறது என்று சொன்னார். அவர் பார்த்ததும் நம் மணவாளக்குறிச்சி மணல் மாதிரிதான், இல்மனைட். நாலு வருஷம் கழித்து பெர்லினில் கிளாப்ரோத் என்ற வேதியியலாளர் ரூட்டைல் என்ற வேறொரு கனிமத்தில் அதே உலோகம் இருப்பதைக் கண்டு, கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரை வைத்தார். பெயர் வைத்தாயிற்று, ஆனால் சுத்தமான உலோகத்தைக் கண்ணால் பார்க்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் கரி ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு போய்விடும். நம் கொல்லர்களின் பாட்டன்மார் செய்த வித்தை அது. டைட்டானியத்தை அப்படிச் செய்தால் கரியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காற்றில் சூடாக்கினால் நைட்ரஜனையும் விடாது. அதனால் முதலில் குளோரினைப் பாய்ச்சி, டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக மாற்ற வேண்டும். 136 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவம் காற்றின் ஈரம் பட்டால் வெள்ளைப் புகை கக்கும்.

1910-இல் அமெரிக்காவில் மாத்யூ ஹண்டர் என்பவர் அந்தத் திரவத்தைச் சோடியத்தோடு சேர்த்து, இறுக மூடிய எஃகுக் குண்டுக்குள் சூடாக்கி, முதல் முறையாக நல்ல சுத்தமான டைட்டானியத்தை எடுத்தார். அவர் பிறந்தது நியூசிலாந்தில். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு மின்விளக்கு இழைக்கு ஏற்ற உலோகம் வேண்டியிருந்தது. டைட்டானியத்தின் உருகுநிலை மிக மிக அதிகம் என்று அப்போது நம்பியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் அது 1668 டிகிரிதான், விளக்குக்கு ஆகாது.

அதே கம்பெனியில் அதே காலத்தில் வில்லியம் கூலிட்ஜ் என்பவர் டங்ஸ்டனில் முயன்று கொண்டிருந்தார். டங்ஸ்டனை உருக்கி வார்க்க ஏற்ற பாத்திரமே அன்று கிடையாது, அவ்வளவு வெப்பம் வேண்டும். அவர் டங்ஸ்டன் பொடியை அச்சில் அழுத்தி, கட்டியாக்கி, உருகாத அளவுக்குச் சூடேற்றி, சுத்தியலால் அடித்து அடித்து மெல்லிய கம்பியாக இழுத்துவிட்டார். நாமெல்லாம் பள்ளிக்கூடம் படித்த காலத்து குண்டு பல்புக்குள் இருந்த இழை இப்படிப் பொடியிலிருந்து வந்ததுதான். விளக்குப் போட்டியில் டைட்டானியத்தைத் தோற்கடித்தது தூள் உலோகவியல். இன்று டைட்டானியத்துக்கே அந்த வித்தை தேவைப்படுகிறது.

வித்தை என்று சொன்னாலும் அது நமக்குத் தெரியாததல்ல. செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணை அச்சில் வைத்து அழுத்துகிறோம், உலர்த்துகிறோம், சூளையில் சுடுகிறோம். மண் உருகி ஓடுவதில்லை, ஆனால் துகளோடு துகள் ஒட்டிக் கல்லாகிவிடுகிறது. உலோகப் பொடியிலும் அதேதான். அந்தச் சுடுதலுக்கு சிண்டரிங் என்று பெயர்.

ஹண்டருக்கு அடுத்து வருபவர்தான் இந்தக் கதையின் பெரிய மனிதர். வில்லியம் குரோல், லக்சம்பர்க் நாட்டுக்காரர், 1889-இல் பிறந்தவர். பெர்லினில் படித்துவிட்டு வந்து, சொந்த ஊரில் தன் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். பல்கலைக்கழகமும் இல்லை, பெரிய கம்பெனியும் இல்லை. 1930-களில் முதலில் கால்சியத்தை வைத்தும், பிறகு மக்னீசியத்தை வைத்தும் டைட்டானியம் எடுத்தார். காற்று எட்டாதபடி ஆர்கான் வாயு நிரப்பிய பாத்திரத்துக்குள் உருகிய மக்னீசியத்தின் மேல் அந்தக் குளோரைடைச் செலுத்துவதுதான் அவர் முறை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் படியேறினார், யாரும் வாங்கவில்லை. 1940-இல் ஜெர்மன் படை லக்சம்பர்க்குக்குள் நுழைவதற்குச் சில மாதம் முன்பு ஊரை விட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அந்த வருஷமே அவருடைய அமெரிக்கக் காப்புரிமை பதிவானது. போர் மூண்டதும், எதிரி நாட்டுச் சொத்து என்று சொல்லி அமெரிக்க அரசு அந்தக் காப்புரிமையைப் பறிமுதல் செய்தது! ஜெர்மானியரிடமிருந்து தப்பி வந்தவரை எதிரிக் கணக்கில் எழுதினார்கள். அவர் வழக்காடித்தான் மீட்டார்.

1948-இல் டூபான்ட் கம்பெனி குரோல் முறையில் டைட்டானியத்தை வணிகமாகத் தயாரிக்க ஆரம்பித்தது. ஜெட் விமானங்களின் காலம் அது. எஃகின் எடையில் பாதியை விடச் சற்றே கூடுதலாக இருந்து, எஃகின் பலமும் உள்ள உலோகத்துக்கு ராணுவம் காத்திருந்தது. (பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா தன் பிளாக்பேர்ட் உளவு விமானத்துக்கான டைட்டானியத்தை, உளவு பார்க்க வேண்டிய சோவியத் நாட்டிலிருந்தே போலிக் கம்பெனிகள் பெயரில் வாங்கியது.) குரோலுக்கே தன் முறையில் திருப்தி இல்லை. மின்பகுப்பு முறை வந்து இதை ஓரங்கட்டிவிடும் என்று அவர் எதிர்பார்த்தார். 1973-இல் அவர் காலமானார். இன்றும் உலகில் டைட்டானியம் பெரும்பாலும் குரோல் முறையில்தான் தயாராகிறது.

அந்த முறை எவ்வளவு மெதுவானது என்று சொன்னால்தான் விலை ஏன் என்று புரியும். எஃகு வார்ப்பதுபோல் ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் எடுப்பது கிடையாது. மூடிய பாத்திரத்துக்குள் 800 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் வினை நடக்க வேண்டும். பிறகு வெற்றிடத்தில் சூடாக்கி மிச்ச மக்னீசியத்தையும் அதன் உப்பையும் ஆவியாக்க வேண்டும். பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு மிஞ்சுவது துளைத் துளையாக, நம் தேன்கூடு மாதிரி ஒரு கட்டி. அதற்கு ஸ்பாஞ்ச் என்று பெயர். அதை உடைத்து, அழுத்தி, வெற்றிட உலையில் இரண்டு தடவையாவது உருக்கிப் பாளமாக்கி, அடித்து, உருட்டி, கடைசியில் கடைந்தால் ஒரு பாகம் கிடைக்கும். விமானப் பாகங்கள் சிலவற்றில் வாங்கிய உலோகத்தில் பத்தில் ஒன்பது பங்கு சீவலாகவே கழிந்துவிடுகிறது. தச்சர் ஒருவர் ஒரு ஆப்பை செய்ய ஒரு தேக்கு மரத்தை வெட்டினால் நாம் சும்மா இருப்போமா?

பொடியின் கவர்ச்சி இங்கேதான். பொடியை அச்சில் அழுத்தி, வெற்றிட உலையில் 1200, 1300 டிகிரியில் சுட்டால், ஏறக்குறைய கடைசி வடிவத்திலேயே பாகம் வந்துவிடும். சீவல் குறையும். இப்போது பிரபலமாகியிருக்கும் முப்பரிமாண அச்சுக்கும் மூலப்பொருள் இந்தப் பொடிதான். லேசர் கதிரோ எலெக்ட்ரான் கதிரோ பொடியை அடுக்கடுக்காக உருக்கிப் பாகத்தை வளர்க்கும். நம் வயதுக்காரர்கள் சிலர் இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கும் செயற்கை மூட்டின் கிண்ணம்கூட அப்படிச் செய்யப்படுவதுண்டு. எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1950-களில் முயல் காலில் கவனித்தார். 1965-இல் மனிதர் வாயில் பல் பொருத்த அதையே பயன்படுத்தினார். இன்று பல் டாக்டர்கள் இம்ப்ளான்ட் என்று சொல்லி நம்மிடம் வாங்கும் பணம் அங்கே தொடங்கிய கணக்கு.

பொடியாக்குவது எப்படி? டைட்டானியம் முரட்டு உலோகம், உரலில் போட்டு இடிக்க முடியாது. ஆனால் அதற்கு ஹைட்ரஜன் மீதும் ஆசை உண்டு. ஹைட்ரஜனில் சூடாக்கினால் உறிஞ்சிக்கொண்டு அப்பளம் மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதை அரைத்துச் சலித்து, வெற்றிடத்தில் மறுபடி சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறிவிடும், பொடி மிஞ்சும். அழகான யோசனை. ஹைட்ரஜன் வந்த வழியே போய்விடுகிறது, ஆக்சிஜன் போவதில்லை என்பதுதான் தொல்லை.

அண்ணாச்சியின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான். ஒரு கட்டி உலோகத்தைப் பொடியாக்கினால் அதன் வெளிப்பரப்பு பல மடங்கு பெருகுகிறது. ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய ஆக்சைடு தோல். இரும்புப் பொடியாக இருந்தால் ஹைட்ரஜனில் சுட்டே அந்தத் தோலை உரித்துவிடலாம். டைட்டானியத்தில் அது நடக்காது. சூடேறும்போது அந்தத் தோல் உலோகத்துக்குள்ளேயே கரைந்துபோகும். வெளியே பார்த்தால் துகள் சுத்தமாக இருக்கும், நன்றாக ஒட்டவும் செய்யும். ஆக்சிஜன் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும். விமானத்துக்குப் பயன்படும் முக்கியமான கலவை உலோகத்தில் ஆக்சிஜன் 0.2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தர அளவு. அது 0.3-ஐத் தாண்டிப் போனால் வளைய வேண்டிய பாகம் உடைய ஆரம்பித்துவிடும். நூறு கிலோவில் இருநூறு கிராமுக்கும் முந்நூறு கிராமுக்கும் உள்ள வித்தியாசம். அந்த நூறு கிராமுக்காகத்தான் பிள்ளைகள் நாலு வருஷம் படிக்கிறார்கள்.

1990-களின் நடுவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டெரக் ஃப்ரே, டாம் ஃபார்த்திங், ஜார்ஜ் சென் மூவரும் இந்த வேலையில்தான் இறங்கியிருந்தார்கள். டைட்டானியத்தின் மேலுள்ள ஆக்சிஜனை நீக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். உருகிய கால்சியம் குளோரைடு உப்பில் டைட்டானியத் தகட்டை எதிர்மின்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தினார்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் மேலிருந்த ஆக்சைடு நீங்கியதோடு நிற்கவில்லை, அந்த ஆக்சைடே உலோகமாக மாறியிருந்தது. அப்படியானால் டைட்டானியம் டையாக்சைடு பொடியையே, அதாவது வெள்ளை பெயின்டுப் பொடியையே, அழுத்திச் சுட்டு வில்லையாக்கி உப்பில் தொங்கவிட்டால்? ஆக்சிஜன் கழன்று எதிர்ப்பக்கத்துக் கரிக்கம்பியில் கரியமில வாயுவாகப் போக, வில்லை உலோகமானது. குளோரின் வேண்டாம், மக்னீசியம் வேண்டாம், எதையும் உருக்கவும் வேண்டாம். உலோகம் எளிதில் பொடியாகக்கூடிய துளைக்கட்டியாகவே கிடைத்தது. 2000-இல் நேச்சர் இதழில் அது வெளியானபோது குரோல் முறையின் கதை முடிந்தது என்றே பலரும் பேசினார்கள்.

முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் கிராம் கணக்கில் நடப்பது ஆலையில் டன் கணக்கில் நடக்க மறுத்தது. கடைசிச் சொட்டு ஆக்சிஜனை வெளியேற்ற அதிக நேரமும் மின்சாரமும் ஆயின. அந்த முறையை வணிகமாக்கப் பிறந்த மெட்டாலிசிஸ் என்ற கம்பெனி 2019-இல் கடனில் சிக்கி நிர்வாகிகள் கைக்குப் போனது. அதனால் அந்த ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அதே உப்பில் டான்டலம் முதலிய வேறு உலோகங்களை எடுக்கும் வழிகள் பிறந்தன. கல்பாக்கத்தில் நம் அணுசக்தி ஆராய்ச்சியாளர்களும் உருகிய உப்பில் ஆக்சைடை உலோகமாக்கும் வேலையில் ஈடுபட்டார்கள். ஆனாலும் சேருகிற மாணவர் இந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். இந்தத் துறையில் நல்ல யோசனைக்கும் நல்ல வியாபாரத்துக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆழமானது.

மற்றவர்கள் வேறு வழிகளில் போனார்கள். அமெரிக்காவில் ஆர்ம்ஸ்ட்ராங் முறை என்று ஒன்று, ஓடுகிற சோடியத்துக்குள் குளோரைடு ஆவியைப் பாய்ச்சி நேராகப் பொடியாகவே எடுப்பது. ஹண்டரின் பழைய வினைதான், குண்டுக்குப் பதில் குழாய். ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, மக்னீசியத் துகள்களைக் காற்றில் மிதப்பதுபோல் வாயுவில் மிதக்கவிட்டு முயன்றது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜிகாங் ஃபாங் குழுவினர் கண்டது எனக்கு மிகவும் பிடித்தது. மக்னீசியம் தனியாக டைட்டானியத்திலிருந்து கடைசி ஆக்சிஜனைப் பிடுங்க முடியாது. ஆனால் சுற்றிலும் ஹைட்ரஜன் இருந்தால் டைட்டானியத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது, மக்னீசியம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு பேர் சண்டையை மூன்றாவது ஆள் வந்து தீர்ப்பது போல.

ஹண்டர் பிறந்த நியூசிலாந்தில் வைகாட்டோ பல்கலைக்கழகம் டைட்டானியப் பொடிக்கென்றே ஆராய்ச்சிக் குழுவை வளர்த்தது. அந்த நாட்டுக் கடற்கரை இரும்பு மணலிலும் டைட்டானியம் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, ஆக்சிஜனை வெளியேற்ற முடியாவிட்டால் உள்ளேயே கட்டிப்போடலாம் என்று யோசித்தது. லாந்தனம் போரைடு போன்ற அரிமண் சேர்மங்களை மிகச் சிறிதளவு பொடியோடு சேர்த்துச் சுட்டார்கள். லாந்தனம் ஆக்சிஜனைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு சின்னச் சின்னத் துகளாக ஒதுங்கிவிடும், டைட்டானியம் வளையும் தன்மையோடு தப்பிக்கும். இதைப் படித்தபோது எனக்கு ஷோம்பர்க் நினைவுக்கு வந்தார். லாந்தனம் எதிலிருந்து கிடைக்கிறது? மோனசைட்டிலிருந்து! நம் கடற்கரையில் இல்மனைட்டும் மோனசைட்டும் ஒரே பிடி மணலில் கலந்து கிடக்கின்றன. நோயும் மருந்தும் ஒரே இடத்தில்.

நம் நாட்டில் என்ன நடந்தது? கனிமத்தை ஏற்றுமதி செய்துவிட்டு உலோகத்தை வெளியே வாங்கிக்கொண்டிருந்தோம், ராக்கெட்டுக்கு உட்பட. ஹைதராபாத்தில் உள்ள ராணுவ உலோக ஆய்வகம் பல வருஷம் உழைத்து ஸ்பாஞ்ச் தயாரிக்கும் முறையைச் சொந்தமாக உருவாக்கியது. இஸ்ரோ பணம் போட, கொல்லத்தை அடுத்த சவறாவில் கேரள அரசின் கேஎம்எம்எல் நிறுவனம் 2011-இல் வருஷத்துக்கு 500 டன் திறனுள்ள ஆலையைத் தொடங்கியது. மணலில் இருந்து ஸ்பாஞ்ச் வரை ஒரே இடத்தில் நடக்கிறது. ஆனால் அதுவும் குரோல் முறைதான். ஸ்பாஞ்சிலிருந்து நல்ல பொடி, பொடியிலிருந்து பாகம் என்பது அடுத்த படி. ஹைதராபாத்தில் தூள் உலோகவியலுக்கென்றே ஏஆர்சிஐ என்ற மத்திய அரசு ஆய்வு மையம் இருக்கிறது. சென்னை ஐஐடியிலும் திருச்சி என்ஐடியிலும் உலோகவியல் துறைகள் பேர் பெற்றவை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உருகிய உப்பில் மக்னீசியம் எடுப்பதில் நீண்ட அனுபவம் உள்ளது. வெளிநாடு போகத்தான் வேண்டும் என்றில்லை என்பதை அண்ணாச்சியிடம் சொன்னேன். பிள்ளை முடிவு செய்யட்டும்.

எங்கே சேர்ந்தாலும் பேராசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியதை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே ஆக்சிஜனை அளக்கும் கருவி இருக்கிறதா, இல்லை மாதிரியை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா? பொடியைக் காற்றுப் படாமல் கையாள ஆர்கான் பெட்டி இருக்கிறதா? வெற்றிட உலைக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்? இதற்கு முன் படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? உதவித்தொகை எவ்வளவு என்பது ஐந்தாவது கேள்வி. அண்ணாச்சி அதைத்தான் முதலில் கேட்கச் சொன்னார்.